சம்ப் தொட்டியின் விளிம்பில் சில்லு பெயர்ந்தால்

மீன் தொட்டிக்குக் கீழே, தண்ணீரை வடிகட்ட வைக்கும் கண்ணாடித் தொட்டிதான் சம்ப். அதன் விளிம்பில் சில்லு பெயர்ந்துவிட்டது, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதுபோல மேல் விளிம்பில் நகத்தளவு சில்லு மட்டும் பெயர்ந்து, விரிசல் ஓடவில்லை என்றால் அந்த சம்ப் இன்னும் உழைக்கும். மோட்டாரைத் தூக்கும்போது விளிம்பில் இடித்திருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம்.

விரிசல் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீரை இறக்கி, துடைத்துக் காயவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். சில்லிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு பளிச்சிட்டு, நகத்தில் தட்டுப்பட்டால் அது விரிசல்.

கோடு இல்லையா? சரி, 400 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, கையுறை போட்டுக்கொண்டு, கூர்மை போகும்வரை தேயுங்கள். உலர்வாகத் தேய்க்காதீர்கள், கண்ணாடித் தூள் மூச்சில் போகும்.

கோடு இருந்தால், அதைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நீளும் கண்ணாடித் துண்டை உட்பக்கம் சிலிகான் வைத்து ஒட்டுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிகான் கூடாது, மீனுக்கு ஆகாது. பழைய சிலிகான்மேல் புதிது பிடிக்காது, பிளேடால் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். அப்புறம் ஒரு வாரம் காயட்டும்.

ஒன்று கவனியுங்கள்: மின்சாரம் நின்றதும் மேலே உள்ள மீன் தொட்டியின் தண்ணீர் கொஞ்சம் சம்புக்கு இறங்கும். அந்த மட்டம் சில்லுக்குக் கீழேயே நிற்க வேண்டும். அடிக்கண்ணாடியில் விரிசல் என்றால் ஒட்டிப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.