பாய்சன் ஐவி பட்டு கை முழுக்க கொப்புளம், வீட்டு வைத்தியம் என்ன செய்யலாம்?

நீங்க கேட்டது: வர்ஜீனியால புது வீடு, சனிக்கிழமை பின்பக்க வேலியில படர்ந்திருந்த கொடியை வெறுங்கையால இழுத்துப் போட்டீங்க, திங்கட்கிழமை ரெண்டு கையும் கோடு கோடா சிவந்து கொப்புளம் வந்துடுச்சு, வீட்டுல எட்டு மாசக் கைக்குழந்தை இருக்கு, ஒட்டிக்குமா, வீட்டு வைத்தியம் என்னன்னு.

முதல்ல குழந்தை விஷயத்தை சொல்லிடறேன், ஏன்னா அதுதான் உங்களுக்கு தூக்கத்தை கெடுக்கும். பாய்சன் ஐவிங்கிறது இங்க வேலி, மரத்துல எல்லாம் படர்ற ஒரு கொடி, அதோட எண்ணெய் தோல்ல பட்டாத்தான் இந்த அரிப்பும் கொப்புளமும் வரும். கொப்புளத்துல இருந்து ஒட்டாது. உடைஞ்சு தண்ணி வடிஞ்சாலும் அந்தத் தண்ணியில செடியோட எண்ணெய் கிடையாது, அது உங்க உடம்பு ஊற வைக்கிற நீர். குழந்தையை தாராளமா தூக்கலாம். ஆனா சனிக்கிழமை நீங்க போட்டிருந்த சட்டை, பேண்ட், ஷூ, அன்னைக்கு தொட்ட போன் கவர், கார் ஸ்டீயரிங், கத்தரிக்கோல், இதுல எல்லாம் எண்ணெய் இருக்கலாம், அதுல இருந்து குழந்தைக்கு வரும். அதை எல்லாம் கழுவற வரைக்கும் குழந்தைகிட்ட கொண்டு போகாதீங்க.

நான் நியூஜெர்சியில இருக்கேன், சொந்த ஊர் பண்ருட்டி பக்கம். ஊரை ஏன் சொல்றேன்னா அதுக்கும் இதுக்கும் நேரடியா சம்பந்தம் இருக்கு. 2019 மே மாசம் எங்க வீட்டுக்காரர் பின்னாடி ஓக் மரத்துல ஏறின கொடியை பிடுங்கினார், முழுக்கை சட்டை, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டுத்தான். அந்த சட்டையில மண்ணு அப்பியிருந்ததால மெஷின்ல போடறதுக்கு முன்னாடி நான் சிங்க்ல வச்சு கையால கசக்கினேன், அவ்வளவுதான் நான் செஞ்சது. ரெண்டாவது நாள் எனக்கு முழங்கை வரைக்கும் சிவந்து, மணிக்கட்டு உள்பக்கம் ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன கொப்புளம், ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல அரிப்பு தாங்காம எழுந்து உட்கார்ந்து அழுதிருக்கேன். செடியைப் பிடுங்கின மனுஷனுக்கு ஒண்ணுமே இல்ல. அவருக்கு பத்து நாள் கழிச்சுத்தான் கழுத்துலயும் கையுறைக்கு மேலயும் வந்துச்சு.

அம்மாவுக்கு வீடியோ கால்ல கையைக் காட்டினேன், பார்த்த உடனே "என்னடி இது, முந்திரிப்பால் பட்ட கை மாதிரி இருக்கு, அங்க ஏது முந்திரி"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. எங்க ஆயா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போனவங்க. கொட்டைத் தோட்டுல இருந்து வர்ற எண்ணெய் பட்டு விரல் நுனி எல்லாம் கருத்து, தோல் உரிஞ்சு உரிஞ்சு கைரேகையே தெரியாது, பக்கத்துல ஒரு கொட்டாங்கச்சியில சாம்பல் வச்சுக்கிட்டு விரலைத் தொட்டுத் தொட்டு உடைப்பாங்க, சில பேர் விளக்கெண்ணெய் தடவிக்கிட்டு உடைப்பாங்க. சின்ன வயசுல நாங்களும் பச்சைக் கொட்டையைக் கடிச்சு உதடு வெந்தவங்கதான். பாய்சன் ஐவியும் முந்திரியும் ஒரே குடும்பம். மாமரமும் அதேதான், மாங்காப்பால் பட்டு வாயோரம் புண்ணாகும் இல்லையா, அதுவும் இதோட தம்பிதான். வண்ணார் துணிக்கு குறி போடற சேராங்கொட்டையும் இதே வம்சம். ஐவியில இருக்கிற எண்ணெய்க்கு உருஷியால்னு பேரு, ஜப்பான்ல மரச்சாமானுக்குப் பூசற அரக்குக்கு உருஷின்னு சொல்வாங்க, அந்த அரக்கு வடியற மரமும் இதே வகை, அதுல இருந்து வந்த பேரு. காத்துப் பட்டா கருக்கும். ஆயா விரல் கருத்ததும் சலவைக்குறி கருப்பா நிக்கிறதும் இதே மாதிரி எண்ணெயாலதான்.

டாக்டர்கிட்ட இதைச் சொன்னப்ப அவங்க சொன்னது, இந்த மாதிரி எண்ணெய் ஏற்கனவே ஒரு தடவை பட்டுப் பழகின உடம்பு ஒண்ணு ரெண்டு நாள்ல கொப்புளிக்கும், முதல் தடவை படற உடம்பு அதை எதிரின்னு கத்துக்கவே ஒரு வாரம், சில பேருக்கு மூணு வாரம் கூட ஆகும், உங்களுக்கு முந்திரியில இருந்தே பழக்கம் இருந்திருக்கலாம்னு. 1982ல பென்சில்வேனியால தோட்டுத் துண்டு கலந்த முந்திரியைத் தின்னு 54 பேருக்கு பாய்சன் ஐவி மாதிரியே அரிப்பு வந்திருக்கு, அதனால இது என் கற்பனை இல்ல. நம்ம ஊர்ல மாங்காப்பாலுக்கோ முந்திரிக்கோ சின்ன வயசுல உங்களுக்கு வாய் வெந்திருந்தா நீங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.

இப்ப வைத்தியத்துக்கு வர்றேன். நான் மனசார சொல்ற ஒரே மருந்து சோப்பு. பாத்திரம் தேய்க்கிற சோப்பு லிக்விட், குளிர்ந்த தண்ணி, ஒரு பழைய துணி. இதை எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி நினைக்கணும், வெறும் தண்ணியில குழம்புச் சட்டியைக் கழுவினா என்ன ஆகும், பிசுக்கு பரவும், அதே கதைதான், அழுத்தித் துணியால தேய்ச்சு, கழுவி, மறுபடி சோப்பு போட்டு தேய்ச்சு, மூணு தடவை. நகத்துக்கு அடியில விடவே கூடாது. பட்ட பத்து நிமிஷத்துக்குள்ள செஞ்சா தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அரை மணி தாண்டினா நிறைய உள்ள இறங்கிடும், ஆனாலும் கழுவறது வீண் இல்ல, மேல மிச்சம் இருக்கிறது வேற இடத்துக்குப் போகாது. ஒரு உப்புத் துகளை விடக் கம்மியான எண்ணெய் போதும் பெரும்பாலான ஆளுங்களுக்குக் கொப்புளம் வர்றதுக்கு.

உங்களுக்கு நேரம் தாண்டிடுச்சு, அதனால இனிமே செய்யறது எல்லாம் அரிப்பை அடக்க மட்டும்தான், கொப்புளம் தன் போக்குல ரெண்டு மூணு வாரத்துல காயும், அதை யாராலயும் நாலு நாள்ல மாத்த முடியாது. இதை முன்னாடியே சொல்றேன், ஏன்னா நான் "இது கேட்கல, அது கேட்கல"ன்னு ஒரே வாரத்துல ஏழெட்டு சாமானை மாத்தி மாத்திப் பூசி தோலை இன்னும் எரிய வச்சுக்கிட்டேன்.

எனக்கு நிஜமா கேட்டது ஈரத்துணி. சுத்தமான காட்டன் துணி, பழைய வேட்டித் துணி இருந்தா ரொம்ப நல்லது, குளிர்ந்த தண்ணியில நனைச்சு பிழிஞ்சு கையைச் சுத்தி இருபது நிமிஷம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. தண்ணி வடியற கொப்புளத்துக்கு இதை மிஞ்சினது இல்ல. அம்மா சொன்னாங்கன்னு வேப்பிலை கொதிக்க வச்ச தண்ணியை ஆற வச்சும் நனைச்சுப் பார்த்தேன், சுகமாத்தான் இருந்துச்சு, ஆனா வெறும் தண்ணியும் அதே சுகத்தைக் கொடுத்துச்சு, குளிர்ச்சிதான் வேலை செய்யுது.

அடுத்தது ஓட்ஸ். சாதாரண ஓட்ஸ்தான், சர்க்கரை ஃப்ளேவர் எதுவும் சேர்க்காதது, ஒரு கப் எடுத்து மிக்ஸியில மைதா மாதிரி நைசா அரைங்க. நைசா இருக்கான்னு பார்க்க ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணியில போட்டுக் கலக்கினா பால் மாதிரி வெள்ளையா நிக்கணும், அடியில போய் படிஞ்சா இன்னும் அரைக்கணும். டப்ல வெதுவெதுப்பான தண்ணியில கலந்து பதினஞ்சு நிமிஷம் உட்காருங்க, கை மட்டும்னா ஒரு பக்கெட்ல கலந்து முழங்கை வரைக்கும் விட்டா போதும். டப் வழவழன்னு வழுக்கும், எழுந்திருக்கும்போது பார்த்து. வெளிய வந்து துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு கேலமைன் லோஷன் பூசிக்கங்க, நம்ம ஊர்ல வேர்க்குருவுக்குப் பூசற அதே ரோஸ் கலர்தான், இங்க எல்லா மருந்துக்கடையிலயும் கிடைக்கும். பேக்கிங் சோடா மூணு பங்கு தண்ணி ஒரு பங்கு குழைச்சுப் பூசறதும் ஒரு ஒரு மணி நேரம் அடக்கும். ஃப்ரிட்ஜ்ல வச்ச கத்தாழைச் சோறு, அதாவது மடலுக்கு உள்ள இருக்கிற வழவழப்பான சதை, காய்ஞ்சு தோல் இழுக்க ஆரம்பிச்ச பிறகு நல்லா இருக்கும்.

தேங்காய் எண்ணெய் பத்தி கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும், ஏன்னா நம்ம வீட்டுல யாருக்கு என்ன ஆனாலும் முதல்ல அதைத்தான் எடுப்போம். செடி பட்ட உடனே, சோப்பு போடறதுக்கு முன்னாடி தடவினா செடி எண்ணெய் அதுல கரைஞ்சு கை முழுக்கப் பரவும். ஆயா விளக்கெண்ணெய் தடவினது கொட்டையைத் தொடறதுக்கு முன்னாடி, பட்ட பின்னாடி இல்ல, அது வேற இது வேற. எல்லாம் காய்ஞ்சு பொருக்கு உதிரும்போது தேங்காய் எண்ணெய் தடவலாம், தப்பில்ல. மஞ்சள் அரைச்சு உடைஞ்ச கொப்புளத்து மேல அப்பாதீங்க, எரியும், அதோட உள்ள சீழ் வச்சிருக்கா சிவந்திருக்கான்னு கூட மஞ்சளுக்கு அடியில தெரியாது. வினிகர், ப்ளீச், எலுமிச்சம்பழம், இதெல்லாம் கிட்டயே வேண்டாம். கொதிக்கிற வெந்நீர் ஊத்தினா பத்து நிமிஷம் சொர்க்கம் மாதிரி இருக்கும்னு இங்க நிறைய பேர் சொல்றாங்க, நானும் செஞ்சேன், அப்புறம் அந்த இடம் இன்னும் வீங்கித்தான் போச்சு.

இங்க காட்டுப் பக்கம் ஜுவல்வீட்னு ஒரு செடி, ஆரஞ்சுப் பூ, காயைத் தொட்டா வெடிக்கும், நம்ம காசித்தும்பைக்கு நெருங்கின சொந்தம். இதோட தண்டை நசுக்கித் தேய்க்கிறது அமெரிக்கப் பழங்குடிகளோட பழைய வைத்தியம். ஆராய்ச்சியில சோப்புதான் இதை விட நல்லா வேலை செய்யுதுன்னு வந்திருக்கு. காட்டுல நடக்கும்போது வேற எதுவும் இல்லைன்னா தேய்க்கலாம்.

மருந்துக்கடை சாமான்ல ஒரு பர்சன்ட் ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம் ஆரம்பத்துல கொப்புளம் பெருசாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் உதவும். அரிப்புக்குன்னு விக்கிற ஆன்டிஹிஸ்டமின் க்ரீமும், மரத்துப் போக வைக்கிற பென்சோகெய்ன் க்ரீமும் பூசாதீங்க, அதுக்கே தனியா அலர்ஜி வரலாம். தூக்கம் வர்ற அலர்ஜி மாத்திரை ராத்திரி போட்டா அரிப்பு பெருசா குறையாது, ஆனா தூங்கிடுவீங்க, அதுவே பெரிய உதவி, கார் மட்டும் ஓட்டாதீங்க. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறவங்களா இருந்தா மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. நகத்தை இன்னைக்கே ஒட்ட வெட்டுங்க.

முகம், கண்ணோரம், மறைவிடத்துல வந்தாலோ, உடம்புல பெரும்பகுதி பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தோட நிக்காதீங்க, டாக்டர்கிட்ட போயிடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு கழுத்து வீங்கினப்ப ஒரு கிளினிக்ல ஆறு நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாங்க, மூணாவது நாள் அப்படியே அமுங்கிடுச்சு, மாத்திரை முடிஞ்ச ரெண்டாவது நாள் முன்ன விட மோசமா திரும்பி வந்துச்சு. அப்புறம் தோல் டாக்டர் சொன்னாங்க, இதுக்கு ரெண்டு மூணு வாரம் மெல்ல மெல்ல குறைச்சுக்கிட்டே வர்ற மாதிரி கொடுக்கணும், சீக்கிரம் நிறுத்தினா இப்படித்தான் ஆகும்னு. உங்களுக்கு எழுதிக் கொடுத்தா எத்தனை நாளைக்குன்னு கேளுங்க.

மூச்சு விஷயம் மட்டும் உயிர்ப் பிரச்சினை. பிடுங்கிக் குவிச்சு வச்சிருப்பீங்க, காய்ஞ்சதும் கொளுத்தலாம்னு தோணும், எந்தக் காரணத்துக்கும் கொளுத்தாதீங்க. புகையில அந்த எண்ணெய் ஏறி நுரையீரலுக்குள்ள போகும். முந்திரிக்கொட்டை சுடும்போது புகை முகத்துல அடிச்சா கண்ணு என்ன பாடு படும்னு எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்குக் கூடத் தெரியும், அதை நெஞ்சுக்குள்ள நினைச்சுப் பாருங்க. தடிமனான பிளாஸ்டிக் பையில கட்டி, உங்க ஊர்ல எப்படிப் போடச் சொல்றாங்களோ அப்படிப் போடுங்க.

செடியை அடையாளம் தெரிஞ்சுக்கங்க, அடுத்த வருஷமும் முளைக்கும். வில்வ இலை மாதிரி மூணு மூணா இருக்கும், நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம், பக்கத்து இலைங்க ரெண்டுலயும் சில சமயம் கட்டைவிரல் மாதிரி ஒரு வெட்டு. வசந்தத்துல சிவப்பா பளபளன்னு வரும், இலையுதிர் காலத்துல மறுபடி சிவக்கும், காய் வெள்ளையா இருக்கும். பனிக்காலத்துல இலையே இருக்காது, மரத்துல முடி முளைச்ச கயிறு மாதிரி ஒட்டியிருக்கும், அதைத் தொட்டாலும் அதே எண்ணெய்தான்.

இப்ப உடனே செய்ய வேண்டியது, சனிக்கிழமை துணியைக் கையுறை போட்டு எடுத்து, குழந்தைத் துணியோட சேர்க்காம தனியா, வெந்நீர்ல நிறைய டிடர்ஜெண்ட் போட்டு மெஷின்ல ஓட்டுங்க. கத்தரிக்கோல், மண்வெட்டிப் பிடி, ஷூ எல்லாத்தையும் ரப்பிங் ஆல்கஹால்ல துடைங்க, ஷூ லேஸைக் கழட்டி தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, எங்க வீட்டுல ரெண்டாவது ரவுண்டு வந்தது அந்த லேஸ்ல இருந்துதான்.