லாரன்ஸ் பாரன் மூலக்கூறுகளின் கைத்தன்மையை எப்படி அளந்தார்?

பிரிட்டிஷ் வேதியியலாளர் லாரன்ஸ் பாரனின் ஆய்வு, மூலக்கூறுகளின் கைத்தன்மையைப் பற்றியது. இடக்கையும் வலக்கையும் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக அமைந்தவை கைரல் மூலக்கூறுகள். இரண்டின் உருகுநிலையும் கொதிநிலையும் ஒன்றே. ஆனால் இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியைப் பாய்ச்சினால் ராமன் சிதறலின் (மூலக்கூறில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறும் ஒளியின்) செறிவு சற்றே மாறும்; அந்த மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது! பாரன் அதைக் கோட்பாட்டில் கணித்ததோடு நில்லாமல், 1973-இல் கேம்பிரிட்ஜில் பக்கிங்ஹாம், போகார்டு ஆகிய ஆய்வாளர்களுடன் அளந்தும் காட்டினார்.

என்னை அதிகம் வியக்கவைப்பது அதன் பிறகு அவர் காட்டிய பொறுமைதான். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் உழைத்து, நீரில் கரைந்த புரதங்கள், வைரஸ்கள் வரை அதே முறையைக் கொண்டுசென்றார். அவற்றைப் படிகமாக்க வேண்டிய தேவையே இல்லை.