ஏ4 என்று பதிந்தால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் வருமா?

கேள்வி: ஜெர்மனியில் பக்கவாத வார்டில் நர்ஸாக இருக்கிறேன். தினமும் ஒவ்வொரு நோயாளியையும் பராமரிப்புத் தேவைக்கு ஏற்ப ஏ1 முதல் ஏ4, எஸ்1 முதல் எஸ்4 என்று வகைப்படுத்தச் சொல்கிறார்கள் (எண் ஏற ஏறத் தேவை அதிகம்). ஏ4 போட்டால் பில் தொகை ஏறுமா?

பதில்: ஏறாது. பில் கணக்கு வேறு, நீங்கள் பதியும் கணக்கு வேறு.

2020-க்கு முன்பு நர்ஸ் சம்பளமும் டி.ஆர்.ஜி. (நோய், சிகிச்சையைப் பொறுத்து நோயாளிகளைப் பிரிக்கும் கட்டணக் குழு) மொத்தத் தொகைக்குள்ளேயே இருந்தது. செலவைக் குறைக்க நினைத்த நிர்வாகங்கள் நர்ஸ் பணியிடங்களில்தான் கை வைத்தன. 2020-இல் வார்டு நர்சிங் செலவைத் தனியே பிரித்தார்கள். இப்போது ஒவ்வொரு டி.ஆர்.ஜி.க்கும் ஒரு நாளுக்கான நர்சிங் மதிப்பு உண்டு. அது 1.1 என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 9 நாள் இருந்தார், மருத்துவமனைக்கு ஒரு மதிப்புப் புள்ளிக்கான விகிதம் 250 யூரோ என்றால், 1.1 × 9 × 250 = 2,475 யூரோ. சேர்ந்த நாள் கணக்கில் வரும், வீட்டுக்குப் போகும் நாள் வராது. ஒரே டி.ஆர்.ஜி.யில் ஒருவர் தானே நடந்து கழிப்பறை போகிறார், இன்னொருவரைப் புரட்டவே இரண்டு பேர் வேண்டும். நாள் தொகை இருவருக்கும் ஒன்றுதான்.

இந்தத் தொகையும் முன்பணம் மாதிரிதான். ஆண்டு முடிவில், காப்பீட்டு நிதியங்களோடு பேசி முடித்த நர்சிங் பட்ஜெட்டின்படி, தணிக்கையாளர் உறுதிசெய்த உண்மையான சம்பளச் செலவோடு நேர்செய்வார்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது இங்கேதான். வார்டு நர்ஸை எண்டோஸ்கோபிக்கு அனுப்பிய மணிநேரத்தை வார்டுக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். ஏஜென்சி நர்ஸுக்குக் கொடுத்ததில் ஊதிய ஒப்பந்த அளவுக்கு மேலானது சேராது. பணி அட்டவணையைப் பிறகு திருத்தினால் கேள்வி வரும்.

அப்படியானால் ஏ, எஸ் எதற்கு? அது பி.பி.ஆர். 2.0. வார்டுக்கு எத்தனை பேர் தேவை என்று நிமிடக் கணக்கில் சொல்லும் முறை. 2024 ஜூலை முதல் கட்டாயம். ஏ பொதுப் பராமரிப்பு: உடல் சுத்தம், உணவு, கழிவு, அசைவு. எஸ் சிகிச்சை சார்ந்தது. வகைக்குரிய நிமிடங்களோடு, ஒவ்வொரு நோயாளிக்கும் தினம் 33 நிமிட அடிப்படையும், புதிதாகச் சேர்பவருக்கு 75 நிமிடமும் கூடும். கணக்கு காலை 6 முதல் இரவு 10 வரைக்கு மட்டும். இரவுப் பணியின் சுமை இதில் தெரியாது. இது இந்த முறையின் பெரிய ஓட்டை.

ஏ4 போடும்போது காரணமும் பராமரிப்புக் குறிப்பில் இருக்க வேண்டும். “உணவு ஊட்டப்பட்டது” என்பது போதாது. “விழுங்குவதில் சிரமம், புரையேறும் அபாயம், நிமிர்த்தி உட்கார வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் விழுங்கியதைப் பார்த்து ஊட்டினோம்” என்று எழுதுங்கள். பழக்கத்தில் எல்லோருக்கும் ஏ2 போட்டுவிட்டுப் போனால், ஆள் போதவில்லை என்று சொல்லும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.