வாசற்படியில் நிற்கும் கால் மாடிப்படியில் ஏறுவது ஏன்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். அறை வாசலுக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போனால் படிக்கட்டில் விறுவிறுவென ஏறுகிறார். "வேணும்னே செய்யறாரோன்னு அம்மாவுக்குச் சந்தேகம். சில நாள் மாத்திரையும் வேலை செய்யறதில்லை."

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இது நடிப்பே இல்லை.

நடக்க நினைத்ததும் மேல்மூளையிலிருந்து கிளம்பும் செய்தி, மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா, தாலமஸ் வழியாகச் சுற்றி மேல்மூளைக்கே திரும்புகிறது. அந்தச் சுற்றில் அசைவை அனுமதிக்கும் பாதை ஒன்று, தடுக்கும் பாதை இன்னொன்று. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் முதல் பாதைக்கு ஊக்கம் தருகிறது, இரண்டாவதை அடக்குகிறது. ஒரே வேதிப்பொருள்தான், அது செல்லில் போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகள் வேறு. நடுமூளையில் அதைச் சுரக்கும் செல்கள் அழிய அழிய, தடுக்கும் பாதையின் கை ஓங்கிவிடுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. டோபமைன் குறைந்தால் இந்தப் பகுதிகளின் செல்கள் நொடிக்கு 13 முதல் 30 தடவை என்ற தாளத்தில் அளவுக்கு மீறி ஒன்றாகத் துடிக்கின்றன. ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் மேளத்துக்கு நடுவே பக்கத்திலிருப்பவர் பேச்சு காதில் விழுமா? அதே கதிதான் 'காலை எடு' என்ற செய்திக்கும். லெவோடோபா அந்தத் தாளத்தைத் தணிக்கிறது.

பழகிப்போன நடை இந்தச் சுற்றை நம்பியது. படிக்கட்டில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிவதால், பார்வையிலிருந்து அசைவுக்குப் போகும் வேறு இணைப்புகள் கைகொடுக்கின்றன. வீட்டு வாசலிலும் அதைச் செய்யலாம். தரை நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடும் டேப்பை, அவர் ஓர் எட்டு வைக்கும் தூர இடைவெளியில் குறுக்குக் கோடுகளாக ஒட்டுங்கள். (கோலம் உதவாது, நேர்க்கோடுதான் வேண்டும்.) கால் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிதானமாக நின்று, உடல் எடையை இரு பக்கமும் மாற்றி, "ஒண்ணு, ரெண்டு" எண்ணி அடி வைக்கட்டும்.

மாத்திரை விஷயத்தில் என் சந்தேகம் சாப்பாட்டின் மேல். டோபமைனை அப்படியே கொடுத்தால் மூளைக்குள் போகாது, லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 1957-இல் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கும் ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப் போகச் செய்து, பிறகு லெவோடோபாவின் இனமான டோபா ஊசியால் எழுந்து நடமாட வைத்தார். 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபா நுழையும் அதே வழியில்தான் புரதச் சத்தின் அமினோ அமிலங்களும் நுழைகின்றன. முட்டை, பால், சுண்டலோடு மாத்திரை போட்டால் போட்டியில் மருந்து தோற்கும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ, ஒருமணி நேரம் கழித்தோ கொடுங்கள். குமட்டினால் ஒரு ரஸ்க் போதும். எந்த நேரத்தில் கால் ஒட்டுகிறது என்று ஒரு வாரம் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை அவர்தான் மாற்ற வேண்டும். மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. வாந்திக்கென்று மருந்துக்கடையில் நீங்களாகவே மெட்டோகுளோப்ரமைடு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது மூளையில் டோபமைனின் ஏற்பிகளையே அடைத்துவிடும்.