‘டிமி 3’ என்றால் என்ன?

கேள்வி: மாரடைப்பு வந்த என் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட தமனியைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை) செய்து ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) பொருத்தினார்கள். அறிக்கையில் ‘டிமி 3’ என்று எழுதியிருக்கிறதே, அது நல்லதா?
- வாசகி ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நல்லதுதான், அம்மா. இதயத் தமனியில் இரத்தம் ஓடும் விதத்தை 0 முதல் 3 வரை மதிப்பிடும் ‘டிமி’ என்ற இந்த அளவுகோல், 1980-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் உருவானது. எக்ஸ்-ரே படத்தில் தமனி தெரிவதற்காகச் செலுத்தப்படும் சாயம் அடைப்பைத் தாண்டாவிட்டால் 0. தாண்டியும் தமனியின் கடைசிவரை எட்டாவிட்டால் 1. மெதுவாக நிரப்பினால் 2. இயல்பான வேகத்தில் நிரப்பினால் 3. சிகிச்சையின் முடிவில் 3-ஐ எட்டியவர்களிடையே இறப்பு குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

கீழ்பவானி வாய்க்காலில் மதகைத் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் சேராமல் போவது போல, பெரிய தமனி திறந்த பிறகும், உறைகட்டியின் துகள்கள் நுண்குழாய்களை அடைத்தாலோ, நெடுநேரம் இரத்தமின்றிக் கிடந்த தசை வீங்கினாலோ, ஓட்டம் குறைந்தே நிற்கலாம். தாமதம் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. அதனால்தான், தாளவாடி போன்ற தொலைவான ஊர்களில் இருப்பவர்களுக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காது என்றால், தகுதியுள்ளவர்களுக்கு அருகிலேயே உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு அனுப்புவதே சரியான முறை.

அப்பாவுக்கு ஆஸ்பிரினோடு தந்திருக்கும் இரண்டாவது இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை, மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.