சிமுலேட்டர் திரைகள்: கேள்வி பதில்

கே: விமான சிமுலேட்டருக்கு 4கே ப்ரொஜெக்டர் ஒன்று போதுமா?

ப: எத்தனை பாகைக்குப் பரப்பப் போகிறீர்கள்? அதைச் சொல்லாமல் 4கே என்றால் எதுவும் சொல்ல முடியாது. குறுக்கே 3,840 பிக்சல். 27 அங்குல மானிட்டரை 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அது சுமார் 53 பாகையை அடைக்கும். பாகைக்கு 72 பிக்சல். நல்ல கண்ணுக்கு 60 போதும் என்பது வழக்கமான கணக்கு. அதே 3,840-ஐ காக்பிட்டைச் சுற்றி 200 பாகைக்கு இழுத்தால் பாகைக்கு 19தான். அதனால்தான் பல ப்ரொஜெக்டர்களை ஓரத்தோடு ஓரம் இணைக்கிறார்கள்.

கே: 8கே (குறுக்கே 7,680 பிக்சல்) போதுமா?

ப: 38. வகுத்தல் உங்களுக்கும் தெரியும்.

கே: வளைந்த திரை இருக்கும்போது பெரிய குழியாடி எதற்கு?

ப: திரை 3 மீட்டரில் இருந்தால் ஒரு விமானிக்கு நேராகத் தெரியும் ஓடுபாதை பக்கத்து இருக்கைக்காரருக்குக் கோணலாகத் தெரியும். ஆடி வழியே வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருவதால் இருவருக்கும் காட்சி வெகுதூரத்தில், நேராக நிற்கும். பல சிமுலேட்டர்களில் அந்த ஆடி கண்ணாடியால் செய்ததே இல்லை. பூச்சிட்ட மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் பின்னாலிருந்து காற்றை உறிஞ்சி வளைத்தது.

கே: 60 போதும் என்கிறீர்கள். ஒரு கோடு இன்னொன்றிலிருந்து சில ஆர்க் செகண்ட் (ஒன்று, பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) விலகினாலே கண் கண்டுபிடிக்கிறதே?

ப: நல்ல பிடி. அங்கே கண் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை, கோட்டின் இடத்தை மதிப்பிடுகிறது. விளிம்பில் சாம்பல் நிழல்களைச் சரியாகக் கொடுத்தால் பிக்சலை விடச் சின்ன நகர்வையும் காட்டலாம். திரையின் பிரகாசத்தை அளந்து, கொடுக்கும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் ஒளிரும்படி நேர்ப்படுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கே: (அவரே) எதற்கு வம்பு? பாகைக்கு 120 வைத்துவிட்டால் முடிந்ததே?

ப: அசையாத படத்துக்கு முடிந்தது. விமானம் திரும்பும்போது காட்சி விநாடிக்கு 30 பாகை ஓடுகிறது என்று வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 படம்) எல்சிடி ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி விநாடி பிடித்து வைக்கும். காட்சியைத் தொடரும் கண் அதற்குள் அரை பாகை நகர்ந்துவிடும். உங்கள் 120-ல் 60 பிக்சல் விழித்திரையில் இழுபட்டுக் கரைந்தது. காசும் அதோடுதான்.

கே: (அவரே) 120 ஹெர்ட்ஸ்?

ப: அப்போதும் 30 பிக்சல். படத்தை 2 மில்லி விநாடி மட்டும் ஒளிரவிட்டு அணைத்தால் 7-க்கு இறங்கும். பிரகாசமும் நாலில் ஒரு பங்காகிவிடும். பழைய சிஆர்டி (படக்குழாய்) திரையின் புள்ளிகள் தாமாகவே சட்டென்று அணைந்தன. அதனால்தான் பார்வை ஆய்வுக்காரர்கள் அதைக் கைவிட மனமில்லாமல் இருந்தார்கள்.

கே: மங்கலான பட்டைகளைக் காட்டிக் கண்ணைச் சோதிக்க 8 பிட் (256 படி பிரகாசம்) மானிட்டர் போதுமா?

ப: போதாது. நேர்ப்படுத்திய திரையிலும் நடுச் சாம்பலருகே ஒரு படி என்பதே சுமார் 0.8 சதவீத கான்ட்ராஸ்ட் (பிரகாச வேறுபாடு). கண் அதற்குக் கீழேயும் பார்க்கும். 10 பிட்டுக்கு மேல் போங்கள். அப்புறம், படம் ஒளிர்ந்து அணையும் நேரத்துக்குப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், போட்டோடயோடை (ஒளி உணரியை) வைத்து அளந்து பாருங்கள்.

கே: 16கே வந்தால் எல்லாம் சரியாகுமா?

ப: எத்தனை பாகைக்கு?