மெஜெண்டோ 1இல் ஓடும் கடை: எது கூட வரும், எதைப் புதிதாகக் கட்ட வேண்டும்?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. சென்னிமலையில் அப்பா ஆரம்பித்த பெட்ஷீட் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 2014இல் மெஜெண்டோ என்ற கடை மென்பொருளின் 1.9 பதிப்பை வைத்து ஆன்லைன் கடை போட்டோம். பெட்ஷீட், துண்டு, பவானி ஜமக்காளம் என்று 600 ரகம் அதில் இருக்கிறது. சர்வர்காரர்கள், அந்தக் கடை ஓடத் தேவையான பிஎச்பி என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பை நிறுத்தப்போவதாக மெயில் அனுப்பிவிட்டார்கள். ஈரோட்டில் ஒரு டெவலப்பர், "இரண்டே நாளில் மெஜெண்டோ 2க்கு அப்டேட் செய்து தருகிறேன்" என்கிறார். கோவையில் இன்னொருவர், "எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இத்தனை வருட வாடிக்கையாளர்களும் ஆர்டர்களும் போய்விடுமா?

பதில்: போகாது அம்மணி, பயப்பட வேண்டாம். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

மெஜெண்டோ 2 என்ற பெயரைப் பார்த்தால் ஒரு பட்டனை அழுத்தி ஏறிவிடலாம் என்றுதான் தோன்றும். 2015 நவம்பரில் அது வந்தபோதே உள்கட்டுமானத்தை முழுக்க மாற்றித்தான் கொண்டுவந்தார்கள். டேட்டாபேஸ் அட்டவணைகள் வேறு, கடையின் தோற்றமான தீமை எழுதும் முறை வேறு. அதனால் உங்கள் பழைய தீமும், கூடுதல் வசதிக்காகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களும் அதில் ஓடாது, அவற்றைப் புதிதாகத்தான் போட வேண்டும். ஆனால் பொருள் விவரம், வகைகள், வாடிக்கையாளர் கணக்குகள், ஆர்டர்கள், விமர்சனங்கள் எல்லாம் பெயர்ந்து வரும். தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பதை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். இதுவும் அந்த மாதிரி வேலைதான். எந்த இழை எதோடு சேர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பிணைக்க வேண்டும். இரண்டு நாளில் முடிகிற காரியமில்லை.

முதலில் அவசரத்தைத் தணிப்போம். மெஜெண்டோ 1க்கு அதிகாரப்பூர்வ ஆதரவு 2020 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. அந்தச் செப்டம்பரிலேயே ஒரு வார இறுதியில் மட்டும் ஏறக்குறைய 2,000 மெஜெண்டோ 1 கடைகளுக்குள் திருட்டு நிரலை நுழைத்து, பணம் கட்டும் பக்கத்தில் வாடிக்கையாளர் தட்டிய கார்டு விவரங்களை எடுத்தார்கள். சர்வர்காரர்கள் மெயில் அனுப்பியிருக்காவிட்டாலும் நீங்கள் மாறித்தான் ஆக வேண்டும். அதற்காக அவர்கள் கொடுத்த கெடுவுக்குள் மொத்தக் கடையையும் அவசரமாக மாற்றினால் தப்பு நிச்சயம். நடுவே ஒரு வழி இருக்கிறது. ஓப்பன்மேஜ் என்று, மெஜெண்டோ 1ஐ எடுத்து ஒரு தன்னார்வக் குழு தொடர்ந்து பராமரித்துவரும் பதிப்பு. இலவசம். உங்கள் டேட்டாபேஸ், தீம் எதையும் மாற்றாமல் அதற்குப் போகலாம், புதிய பிஎச்பியிலும் ஓடும். பழைய எக்ஸ்டென்ஷன்கள் சில முரண்டு பிடிக்கும், அவற்றை மட்டும் சரிசெய்ய வேண்டியிருக்கும். முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். மூச்சு விட மூன்று நான்கு மாதம் கிடைக்கும்.

அப்புறம் மெஜெண்டோ 2. அடோபி 2018இல் மெஜெண்டோவை வாங்கிய பிறகு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. அடோபி காமர்ஸ் என்பது காசு கட்டி வாங்குவது. உங்களுக்கு வேண்டியது மெஜெண்டோ ஓப்பன் சோர்ஸ், அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. யாராவது லைசென்ஸ் பணம் என்று கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். ஆனால் சர்வர் செலவு கூடும். 2.4 பதிப்பிலிருந்து பொருள் தேடலுக்கே எலாஸ்டிக்சர்ச் அல்லது ஓப்பன்சர்ச் என்ற தனி மென்பொருள் கட்டாயம். பழைய கடை ஓடிய, பலரோடு பகிர்ந்துகொள்ளும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் இது நிற்காது. நான் 4 ஜிபி ரேமுக்குக் கீழே எடுப்பதில்லை.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். டெவலப்பர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது: முகவரியும் வரியும்.

மெஜெண்டோ 1இல் இந்திய மாநிலங்களின் பட்டியல் உள்ளே இல்லை. அதனால் மாநிலம் என்ற கட்டத்தில் வாடிக்கையாளர் மனம்போல் தட்டியிருப்பார். ஒருவர் 'டிஎன்' என்று சுருக்கியிருப்பார், ஒருவர் 'தமிழ்நாடு' என்று ஒரே சொல்லாக அடித்திருப்பார், இன்னொருவர் நடுவில் இடம் விட்டிருப்பார், சிலர் மாநிலத்துக்குப் பதில் கோயம்புத்தூர் என்று ஊரைப் போட்டிருப்பார்கள். இன்றைய மெஜெண்டோ 2இல் மாநிலங்களுக்குப் பட்டியலும் எண்ணும் உண்டு. வரி விதி அந்த எண்ணைப் பார்த்துத்தான் வேலை செய்யும். பழைய முகவரிகளை அப்படியே கொண்டுபோனால் அவற்றில் எண் இருக்காது. விளைவு என்ன? பெருந்துறைக்காரர் ஒருவர் பழைய முகவரியைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போடுவார். மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று பிரிய வேண்டிய ஐந்து சதவீதம், வெளிமாநில விற்பனைக்கான ஒருங்கிணைந்த வரியாக விழும், இல்லாவிட்டால் வரியே விழாது. மாதக் கடைசியில் ஆடிட்டர் கண்டுபிடித்தால் உண்டு.

ஆகவே டேட்டாவை நகர்த்தும் முன்பே, அந்த மாநிலக் கட்டத்தில் இருக்கும் வெவ்வேறு எழுத்துமுறைகள் அத்தனையையும் ஒரு எக்செல் ஷீட்டில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரியான மாநிலத்தை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். ஹைதராபாத் முகவரிகளைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். தெலங்கானா பிறந்ததும் நீங்கள் கடை போட்டதும் ஒரே வருடம் என்பதால் பல முகவரிகளில் ஆந்திரா என்றே இருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்னில் மாநில வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால் இதுவும் முக்கியம். பின்கோடு கையில் இருந்தால் முக்கால்வாசியைத் தானாகவே சரிசெய்துவிடலாம்.

வரியில் இன்னொரு சிக்கல். 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ஷீட் போன்ற தைத்த வீட்டுத் துணிகளுக்கு, ஒன்றின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். மெஜெண்டோவில் வரி வகை என்பது பொருளோடு ஒட்டியது. விலை மாறினால் வரி வகை தானாக மாறாது. வரி சேர்க்காமல் 2,800 ரூபாய் போட்ட பெரிய பெட்ஷீட் ஒன்றுக்கு ஆடியில் 15 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். விற்பனை மதிப்பு 2,380 ஆகிவிட்டது, 5 சதவீதம்தான் வர வேண்டும். கடையோ 18ஐயே போட்டுக்கொண்டிருக்கும், வாடிக்கையாளர் முந்நூறு ரூபாய்க்கு மேல் அதிகமாகக் கட்டுவார். இதற்கென்று எக்ஸ்டென்ஷன் வாங்கலாம், அல்லது டெவலப்பரைச் சின்னதாக ஒன்று எழுதித் தரச் சொல்லலாம். எதுவானாலும் தள்ளுபடி கழித்த பிறகான விலையைப் பார்த்து அது முடிவெடுக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஜமக்காளத்துக்கு எச்எஸ்என் என்ற பொருள் வகை எண்ணே வேறு, பெட்ஷீட்டோடு சேர்த்துவிடாதீர்கள். 600 ரகத்துக்கும் எண்ணை ஒருமுறை ஆடிட்டரிடம் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியும் செய்ய வேண்டிய வேலை, மாறும்போதே முடித்துவிடலாம்.

பில் எண்ணையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் திரும்ப வரக்கூடாது. புதுக் கடையை நிறுவியதும் எண் 1இலிருந்து தொடங்கிவிடும், பழைய எண்களோடு மோதும். பழைய எண் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள். அல்லது முன்னால் புது எழுத்து ஒன்றைச் சேர்த்து வேறு வரிசை ஆரம்பியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை விதி அனுமதிக்கிறது. ஏப்ரல் 1 அன்று மாறினால் இந்தத் தலைவலியே இல்லை, புது நிதியாண்டு, புது வரிசை.

வாடிக்கையாளர் கணக்குகளுக்கு வருவோம். மெஜெண்டோவே கொடுத்த டேட்டா மைக்ரேஷன் டூல் வழியாக நகர்த்தினால் பழைய பாஸ்வேர்டும் கூடவே வரும், மெஜெண்டோ 2இன் புதிய குறியாக்கப் பூட்டும் அதன்மேல் விழும், வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு டெவலப்பர் பேரையும் மெயிலையும் மட்டும் எக்செல்லில் இறக்கி ஏற்றுகிறேன் என்றால் பாஸ்வேர்டு போய்விடும், அத்தனை பேரும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே அவருக்கு வேலை தெரியுமா என்று தெரிந்துவிடும். பழைய கடையின் என்கிரிப்ஷன் கீ என்ற சாவியையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், டூல் அதைக் கேட்கும். சேமித்த கார்டு எண்கள் எதுவும் பழைய கடையில் கிடந்தால் அவற்றைக் கொண்டுபோகவே கூடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது. அழித்துவிடுங்கள்.

படங்களை அந்த டூல் நகர்த்தாது, மீடியா ஃபோல்டரைத் தனியாகக் காப்பி செய்ய வேண்டும். டூலின் பதிப்பு எண்ணும் மெஜெண்டோவின் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும், எந்தப் பதிப்பை எடுப்பது என்று முடிவெடுக்கும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழில் எழுதிய பொருள் விளக்கங்கள் இருந்தால் அவற்றை முதல் நாளே திறந்து பாருங்கள். டேட்டாபேஸை இறக்கி ஏற்றும்போது எழுத்துக் குறியீட்டைத் தப்பாகக் கொடுத்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அதன்மேல் சேமித்துவிட்டால் மீட்க முடியாது.

பக்க முகவரிகள் பற்றி ஒரு அனுபவம். கரூரில் ஒரு திரைச்சீலைக் கடைக்கு இந்த வேலையைச் செய்தபோது, வகைகளை அழகாக அடுக்கலாம் என்று பெயர்களை மாற்றினோம். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்பும் 301 திருப்பத்தைச் சில வகைகளுக்குப் போடாமல் விட்டுவிட்டேன். பல வருடமாகக் கூகுளில் மேலே நின்ற பக்கங்கள் 'பக்கம் இல்லை' என்று காட்டின. கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகும் பழைய இடத்துக்கு வர வெகுநாள் ஆனது. அவர்களுக்கு அது உண்மையான நட்டம், இன்றும் எனக்கு வருத்தம். உங்கள் கடையில் எந்தப் பக்கத்துக்கு ஆள் அதிகம் வருகிறார்கள் என்று கூகுள் சர்ச் கன்சோலில் தெரியும். அந்தப் பட்டியலை இப்போதே இறக்கி வையுங்கள். மாறிய அன்று அதில் உள்ள முதல் நூறு முகவரிகளை ஒருவர் கையால் தட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லா ஆர்டர்களையும் கொண்டுபோக வேண்டுமா? என் கருத்து, கடைசி இரண்டு மூன்று வருடம் போதும். ஆனால் கணக்குச் சட்டம் வேறு விஷயம். ஜிஎஸ்டி ஆவணங்களை, அந்த வருட ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதைப் புதுக் கடைக்குள்தான் வைக்க வேண்டும் என்றில்லை, பழைய டேட்டாபேஸின் நகலாகத் தனியே வைத்தால் போதும். ஓராண்டுக்கும் மேலாகத் தீண்டாமல் கிடக்கும் ரகங்களையும் இதே சமயம் கழித்துவிடுங்கள், 600 என்பது 400 ஆனால் சோதிப்பது எளிது.

வேலை நடக்கும் முறை இப்படி இருக்கட்டும். புது சர்வரில் முழு ஒத்திகை ஒன்று பார்க்க வேண்டும், பழைய கடை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும். பழையதில் எத்தனை பொருள், எத்தனை வாடிக்கையாளர், எத்தனை ஆர்டர், மொத்த ரூபாய் எவ்வளவு என்று எண்ணி, புதியதிலும் எண்ணி ஒப்பிடுங்கள். கணக்கு இடித்தால் மறுபடி ஒத்திகை. இதற்குள் பழைய கடையில் புது ஆர்டர்கள் விழுந்துகொண்டே இருக்குமே என்று கேட்பீர்கள். டூலில் டெல்டா என்ற முறை இருக்கிறது. முதல் நகர்த்தலுக்குப் பிறகு வந்த ஆர்டர்களையும் வாடிக்கையாளர் மாற்றங்களையும் அது தொடர்ந்து கொண்டுவரும். ஆனால் நீங்கள் அட்மினில் சேர்த்த புதுப் பொருள், மாற்றிய விலை இவற்றைக் கொண்டுவராது. ஆகவே கடைசி நகர்த்தல் தொடங்கியதிலிருந்து மாறும் நாள் வரை அட்மினில் விலையையோ ரகத்தையோ யாரும் தொடக்கூடாது. கடையில் உள்ள எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், முக்கியமாக அப்பாவிடம்.

மாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே டொமைனின் டிடிஎல்லை, அதாவது பழைய சர்வர் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்துவிட்டால் முகவரி சீக்கிரம் புது சர்வருக்குத் திரும்பும். ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் பேமென்ட் கேட்வேயில், பணம் கட்டியதும் தகவல் வந்துசேர வேண்டிய புதுத் திரும்பு முகவரியைப் பதியுங்கள். இல்லாவிட்டால் யுபிஐயில் பணம் போய்விடும், ஆர்டர் 'நிலுவை' என்றே நிற்கும். கிரான் என்ற பின்னணி வேலை ஓடுகிறதா என்று பாருங்கள், ஆர்டர் மெயில்கள் அதை நம்பித்தான் போகின்றன. சர்வர் மாறியதால் உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவையும் மாற்ற வேண்டும், தவறினால் மெயில் ஸ்பாமில் விழும். பிறகு சொந்தப் பணத்தில் உண்மையான ஆர்டர்கள் போடுங்கள். ஒன்று தமிழ்நாட்டு முகவரிக்கு, ஒன்று பெங்களூருக்கு, ஒன்று 2,500க்கு மேல் தள்ளுபடியோடு, ஒன்று ரத்து செய்து பணம் திருப்புவதற்கு. நான்கு பில்லையும் ஆடிட்டருக்கு அனுப்புங்கள்.

எப்போது செய்யலாம்? தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் கைவைக்கவே வேண்டாம், பொங்கலுக்கும் வேண்டாம். தைப்பூசத் தேர் முடிந்து ஊர்க்கூட்டம் கலைந்த பிறகு ஒத்திகையைத் தொடங்கினால், மார்ச் இறுதிக்குள் இரண்டு முறை பார்த்துவிட்டு ஏப்ரல் 1 அன்று மாறலாம்.

பழைய சர்வரை அன்றே நிறுத்திவிடாதீர்கள். வெளியாட்கள் நுழைய முடியாதபடி பூட்டி ஒரு மூன்று மாதம் வைத்திருங்கள். அதன்பிறகு டேட்டாபேஸையும் படங்களையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். என்கிரிப்ஷன் கீயை ஒரு தாளில் எழுதிக் கடைச் சாவியோடு வைத்துவிடுங்கள்.